'ஃபர்ஸ்ட் ஹேண்ட்' என்று எழுதும் முன் ஒரு 'ஆம்' சோதனை

2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு, 2005 பிப்ரவரியில் நாகப்பட்டினத்தை அடுத்த கீச்சாங்குப்பத்தில் ஒரு நிவாரண அமைப்புக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த அலுவலர் ஆங்கிலத்தில் கேட்பார். நான் தமிழில் கேட்டு, பதிலை ஆங்கிலத்தில் சொல்வேன். அவர் ஒரு படிவத்தில் குறித்துக்கொள்வார். தார்த்தாள் வேய்ந்த தற்காலிகக் குடியிருப்பின் வாசலில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா சொன்னார்: "கடல் அரை மைல் உள்ளே போனதாம். அப்புறம்தான் தண்ணீர் ஏறி வந்ததாம்."

நான் மொழிபெயர்த்தேன்: "த சீ வென்ட் பேக் ஹாஃப் எ மைல். தென் த வாட்டர் ரோஸ்." அலுவலர் எழுதிக்கொண்டு, படிவத்தில் 'ஃபர்ஸ்ட் ஹேண்ட் அக்கவுன்ட்', அதாவது நேரில் கண்டவர் கூற்று, என்ற கட்டத்தில் டிக் போட்டார்.

ஒரு மாதம் கழித்து, அந்த அறிக்கையைப் படித்த கடலியல் ஆய்வாளர் ஒருவரிடமிருந்து கேள்வி வந்தது. அந்தப் பெண் தன் கண்ணால் பார்த்தாரா, அல்லது கேட்டுச் சொன்னாரா? சுமத்ராவுக்கு அருகே கடல்தரை பிளந்தபோது, பிளவின் மேற்கே தரை மேலெழும்பியது, கிழக்கே தாழ்ந்தது. அதனால் தாய்லாந்துக் கரையில் கடல் முதலில் உள்வாங்கியது. மேற்கே இருந்த இலங்கை, தமிழ்நாட்டுக் கரைகளிலோ பொதுவாக முதலில் வந்தது நீர் ஏற்றம்தான். ஆகவே 'முதலில் உள்வாங்கியது' என்று நாகையில் ஒருவர் நேரில் கண்டு சொன்னால் அது அந்த ஆய்வாளருக்கு முக்கியமான தகவல். அவர் கேட்டது நியாயமான கேள்வி.

திரும்பப் போய் அந்த அம்மாவிடமே கேட்டேன். "நான் எங்கே பாப்பா பார்த்தேன்? அன்று காலையில் கூடையோடு திருவாரூரில் நின்றேன். என் கொழுந்தன் சொன்னது அது" என்றார். அவர் முதலிலேயே சரியாகத்தான் சொல்லியிருந்தார். 'போனதாம்', 'வந்ததாம்' என்று இரண்டு முறை 'ஆம்' போட்டிருந்தார். அந்த இரண்டு எழுத்தை விழுங்கியது நான். அந்தக் கட்டத்தில் விழுந்த டிக்குக்கு நான்தான் பொறுப்பு என்று எழுதி, திருத்தம் அனுப்பினேன். இன்று திருச்சியில் வார இறுதிகளில் மொழிபெயர்ப்பு வகுப்பு எடுக்கிறேன். முதல் நாள் பாடம் எப்போதும் இதுதான்.

'ஃபர்ஸ்ட் ஹேண்ட்' என்பதை அகராதியில் பார்த்தால் 'நேரடியான' என்று ஒரு சொல்லோடு முடித்திருப்பார்கள். அது போதாது. இந்தத் தொடரில் வரும் 'கை', உடம்பின் கை என்பதைவிட, பொருள் கடந்து வரும் ஆள் என்று கொள்ளுங்கள். செய்தவனிடமிருந்து நேராக உங்களிடம் வந்தால் அது முதல் கையிலிருந்து வந்தது. நடுவில் இன்னொருவர் வைத்திருந்து கொடுத்தால் இரண்டாம் கை. 'செகண்ட் ஹேண்ட்' நமக்குப் பழக்கமான சொல். 1985இல் எரிந்துபோகும்வரை சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் தேடியவர்கள் எல்லோரும் அதைச் சொல்லியிருப்பார்கள். ஆங்கிலத்தில் இதே கணக்கு செய்திக்கும் அறிவுக்கும் உண்டு. நடந்ததை நானே கண்டேன், கேட்டேன், பட்டேன் என்றால் 'ஃபர்ஸ்ட் ஹேண்ட்'. கண்டவர் சொல்ல நான் கேட்டேன் என்றால் 'செகண்ட் ஹேண்ட்'. அதை நான் உங்களுக்குச் சொன்னால் உங்களுக்கு அது 'தேர்ட் ஹேண்ட்'. ஆக, இந்தச் சொல் நிகழ்ச்சியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. நிகழ்ச்சிக்கும் சொல்பவருக்கும் நடுவில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதைச் சொல்கிறது.

இது ஏன் ஆங்கிலத்துக்குத் தனியாகத் தேவைப்படுகிறது என்று யோசித்தால் நம் மொழியின் அருமை தெரியும். 'ஹி கேம்' என்ற ஆங்கில வினையைப் பார்த்து, சொன்னவர் கண்டாரா கேட்டாரா என்று கண்டுபிடிக்க முடியாது. தமிழில் 'வந்தார்', 'வந்திருக்கிறார் போலிருக்கிறது', 'வந்தாராம்' என்று மூன்று வழிகள் உண்டு. வாசலில் செருப்பைப் பார்த்து ஊகித்தால் 'போலிருக்கிறது'. பக்கத்து வீட்டார் சொல்லித் தெரிந்தால் 'ஆம்'. சைவ சித்தாந்தத்தில் அறிவு வரும் வழிகளைக் காண்டல், கருதல், உரை என்று மூன்றாகப் பிரிப்பார்கள். பள்ளிக்கூடம் போகாத பாட்டியும் தன் வினைச்சொற்களின் வாலில் அதே மூன்றையும் தினமும் பிரித்துக் காட்டுகிறார். ஆங்கிலத்தில் அந்த வால் இல்லை. அதனால் 'ஃபர்ஸ்ட் ஹேண்ட்', 'ரிப்போர்ட்டட்லி', 'அப்பேரன்ட்லி' என்று தனிச் சொற்களைக் கொண்டுவந்து ஒட்ட வேண்டியிருக்கிறது.

இதிலிருந்துதான் என் சோதனை வந்தது. ஆங்கிலத்தில் 'ஃபர்ஸ்ட் ஹேண்ட்' என்று எழுதத் தோன்றும்போது, அந்த விஷயத்தை உங்கள் அம்மாவிடம் சொல்வதுபோல் தமிழில் சொல்லிப் பாருங்கள். வினையின் முடிவில் 'ஆம்' தானாக வந்து ஒட்டிக்கொண்டால் அந்தச் சொல்லை எழுதாதீர்கள். 'ஆம்' ஒட்டாமல், அதற்கு முன்னால் 'நானே' என்று போட முடிந்தால் எழுதுங்கள். இரண்டாவது பாதியை விட்டுவிட வேண்டாம். 'காந்தி 1948இல் சுட்டுக் கொல்லப்பட்டார்' என்று 'ஆம்' இல்லாமல்தான் சொல்கிறோம், ஏனென்றால் அது ஐயமற்ற பொதுச் செய்தி. ஆனால் 'நானே' போட முடியாது. அதனால் அது 'ஃபர்ஸ்ட் ஹேண்ட்' ஆகாது.

வகுப்பில் எல்லோரும் தடுக்கி விழும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 'நான் பிறந்த அன்று மழை கொட்டியதாம், டாக்டர் வர முடியவில்லையாம்.' அந்த அறையில் நான் இருந்தேன். நிகழ்ச்சியே என்னுடையது. ஆனாலும் 'ஆம்' போடாமல் அதைச் சொல்ல நமக்கு வாய் வருவதில்லை, ஏனென்றால் என் அறிவு அத்தையிடமிருந்து வந்தது. அங்கே இருந்தது மட்டும் போதாது. அறிந்தும் இருக்க வேண்டும். எதிர்ப்பக்கமும் உண்டு. ஒரு கூட்டத்தில் அமைச்சர் 'அணை நிரம்பிவிட்டது' என்று பேசியதை நீங்கள் முன்வரிசையில் கேட்டீர்கள். அவர் அப்படிச் சொன்னார் என்பது உங்களுக்கு 'ஃபர்ஸ்ட் ஹேண்ட்'. அணை நிரம்பியது அப்படியில்லை. இளம் நிருபர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். காதால் நேரடியாகக் கேட்டுவிட்ட தெம்பில், கேட்ட செய்தியையும் கண்டதுபோல் எழுதிவிடுகிறார்கள்.

நீதிமன்றத்தில் இதே வேறுபாடு சட்டமாகவே இருக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், 60ஆம் பிரிவில், வாய்மொழிச் சாட்சியம் நேரடியானதாக இருக்க வேண்டும் என்றது. பார்க்கக்கூடிய ஒன்று என்றால் 'நான் பார்த்தேன்' என்பவர் சொல்ல வேண்டும். கேட்கக்கூடியது என்றால் 'நான் கேட்டேன்' என்பவர். வேறு புலனால் உணரக்கூடியது என்றால் அந்தப் புலனால் உணர்ந்தவர். 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்திருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தில் அது 55ஆம் பிரிவு. செவிவழிச் சாட்சியத்தை நீதிமன்றங்கள் ஒதுக்குவதற்கு வேர் இதுதான். சாட்சி 'அடித்தானாம்' என்று சொல்ல, மொழிபெயர்ப்பாளர் 'ஹி பீட் ஹிம்' என்று சொன்னால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். கீச்சாங்குப்பத்தில் என் தவற்றால் ஓர் ஆய்வுக் குறிப்பு பிசகியது. நீதிமன்றத்தில் ஒரு மனிதன் சிறைக்குப் போகலாம்.

இனி எழுதும் முறை. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அடையாக வந்தால் பிரிட்டிஷ் வழக்கில் இரண்டு சொற்களுக்கும் நடுவில் இடைக்கோடு போடுவார்கள். அமெரிக்கர்கள் ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதுகிறார்கள். நம் செய்தித்தாள்களும் பள்ளிகளும் பெரும்பாலும் பிரிட்டிஷ் வழக்கில் இருப்பதால் இடைக்கோட்டை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காதீர்கள். கூடவே வரும் பெயர்ச்சொற்கள் சிலதான்: 'நாலெட்ஜ்', 'எக்ஸ்பீரியன்ஸ்', 'அக்கவுன்ட்', 'இன்ஃபர்மேஷன்', 'எவிடன்ஸ்'. இவற்றில் 'அக்கவுன்ட்' எண்ணக்கூடியது, எனவே 'எ ஃபர்ஸ்ட் ஹேண்ட் அக்கவுன்ட்'. 'இன்ஃபர்மேஷன்', 'எவிடன்ஸ்' இரண்டுக்கும் முன்னால் 'எ' வராது, பின்னால் 'எஸ்' வராது. அனுபவத்தைச் சொல்லும்போது 'எக்ஸ்பீரியன்ஸ் ஆஃப்' என்பது பாதுகாப்பான அமைப்பு: 'ஷி ஹேஸ் ஃபர்ஸ்ட் ஹேண்ட் எக்ஸ்பீரியன்ஸ் ஆஃப் டிரவுட்', அவளுக்கு வறட்சி பட்டுத் தெரியும்.

வினைக்குப் பின்னாலும் வரும்: 'ஐ சா த டேமேஜ் ஃபர்ஸ்ட் ஹேண்ட்.' இங்கே 'இன்', 'பை', 'வித்' எதுவும் முன்னால் வராது. 'அட் ஃபர்ஸ்ட் ஹேண்ட்' என்று மட்டும் சொல்லலாம். அது சற்றுப் பழைய, பிரிட்டிஷ் நடை. 'ஃபர்ஸ்ட் ஹேண்ட்லி' என்று ஒரு சொல் கிடையாது. வினையடைக்கெல்லாம் 'லி' சேர்க்கச் சொல்லிக் கொடுத்த பாடத்தின் விளைவு அது. அடித்துவிடுங்கள்.

என் மாணவர்களின் தாள்களில் அதிகம் பார்க்கும் பிழை வேறு. 'முதன்முறையாக' என்ற பொருளில் இதைப் போடுகிறார்கள். முதன்முறை டெல்லி போனவர் 'ஐ விசிட்டட் டெல்லி ஃபர்ஸ்ட் ஹேண்ட்' என்று எழுதுகிறார். அங்கே வேண்டியது 'ஃபார் த ஃபர்ஸ்ட் டைம்'. நூறாவது முறை பார்ப்பதும் 'ஃபர்ஸ்ட் ஹேண்ட்' ஆகலாம். எண்ணிக்கைக்கும் இதற்கும் தொடர்பில்லை. புதிய வண்டியை 'ஃபர்ஸ்ட் ஹேண்ட் பைக்' என்பதும் சரியில்லை. 'செகண்ட் ஹேண்ட்' வண்டிக்கு எதிர்ச்சொல் ஆங்கிலத்தில் 'நியூ', அவ்வளவுதான். கடிகாரத்தின் வினாடி முள்ளுக்கும் ஆங்கிலத்தில் 'செகண்ட் ஹேண்ட்' என்றே பெயர் என்பதால், 'ஃபர்ஸ்ட் ஹேண்ட்' என்பதை 'முதல் முள்' என்று ஒரு மாணவர் மொழிபெயர்த்ததும் உண்டு. கருவியோ மென்பொருளோ தெரியும் என்று வேலை விண்ணப்பத்தில் சொல்வதற்கு 'ஹேண்ட்ஸ் ஆன்' பொருத்தம், ஏனென்றால் அங்கே கேட்கப்படுவது கை வேலை, செய்து பழகிய திறமை. கணக்கு மென்பொருளில் 'ஹேண்ட்ஸ் ஆன் எக்ஸ்பீரியன்ஸ்'. ஜவுளிக் கடையில் தீபாவளிக் கூட்டம் எப்படி இருக்கும் என்பதில் 'ஃபர்ஸ்ட் ஹேண்ட் எக்ஸ்பீரியன்ஸ்'.

அக்கம்பக்கத்துச் சொற்கள் இன்னும் இரண்டைப் பிரித்துக்கொண்டால் நல்லது. 'ஸ்ட்ரெய்ட் ஃப்ரம் த ஹார்ஸஸ் மௌத்' என்பது குதிரைப் பந்தயத்திலிருந்து வந்த பேச்சு வழக்கு. சம்பந்தப்பட்டவர் வாயிலிருந்தே கேட்டேன் என்று பொருள். நான் அனுபவித்தேன் என்று பொருள் ஆகாது. மேலாளர் வாயாலேயே சம்பள உயர்வைக் கேட்டால் நண்பரிடம் இதைச் சொல்லலாம். பறிகொடுத்த ஒருவரின் வாக்குமூலத்துக்கு ஒருபோதும் சொல்லக் கூடாது. அவரைக் குதிரை என்றதுபோல் ஆகும். இன்னொன்று 'லிவ்ட் எக்ஸ்பீரியன்ஸ்'. அது வாழ்ந்து கழித்த அனுபவம். இரண்டு நாள் குடிசைப் பகுதியில் தங்கி எழுதும் நிருபர் அங்குள்ள நிலைமையை 'ஃபர்ஸ்ட் ஹேண்ட்' பார்த்தேன் என்று சொல்லலாம், அது உண்மை. அங்கேயே பிறந்து வளர்ந்தவரின் 'லிவ்ட் எக்ஸ்பீரியன்ஸ்' தனக்கு இருப்பதாக அவர் சொல்ல முடியாது. எனக்கு இந்த வேறுபாட்டில் பிடிவாதம் அதிகம். நாகையில் ஐந்து மாதம் இருந்தேன், எல்லாவற்றையும் பார்த்தேன். ஆனால் நான் கடலுக்கு யாரையும் கொடுக்கவில்லை.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவரும்போது 'முதல் கை அனுபவம்' என்று எழுதுவதை இணையத்தில் பார்க்கிறேன்; மனம் கூசுகிறது. நம்மிடம் இதற்கு எத்தனை சொற்கள்! பார்த்தது என்றால் 'நேரில் கண்ட', 'கண்கூடாக'. கேட்டது என்றால் 'காதாரக் கேட்ட'. துன்பமோ உழைப்போ உடலில் ஏறியது என்றால் 'பட்டறிந்த'. 'படு' என்ற வினையில் இருந்துதான் பட்டறிவு பிறந்தது; 'எக்ஸ்பீரியன்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லில் இல்லாத ஒரு வலி அதற்குள் இருக்கிறது. 'தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்' என்ற பழமொழி சொல்வதும் அதைத்தான். வாக்குமூலம், அறிக்கை போன்றவற்றில் 'நேரடித் தகவல்', 'நேரடிச் சாட்சியம்' போதும். ஒரு கவனம் மட்டும்: 'கண்ணார' என்பதில் கண் நிறைந்த மகிழ்ச்சி இருக்கிறது. பேரன் பட்டம் வாங்கியதைக் கண்ணாரக் காணலாம். விபத்தைக் கண்ணாரக் கண்டதாக எழுதினால் படிப்பவருக்கு உறுத்தும். அங்கே 'என் கண்ணாலேயே பார்த்தேன்' என்று எழுதுங்கள்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும் திசையில்தான் ஆபத்து அதிகம், அதனால் அதற்கு ஒரு பழக்கத்தைக் கைக்கொண்டிருக்கிறேன். பேட்டியின்போது நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் க, ஊ, கே என்று ஓர் எழுத்து குறித்துவிடுவேன்: கண்டது, ஊகித்தது, கேட்டது. பேசுபவர் 'ஆம்' போடாமலேயே கேட்டதைச் சொல்லும் நேரங்களும் உண்டு, குறிப்பாகக் கோபத்திலும் துக்கத்திலும். அப்போது குறுக்கிடாமல் முழுக்கக் கேட்டுவிட்டு, கடைசியில் மெல்ல, "அந்த நேரத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் அம்மா?" என்று கேட்பேன். 'நீங்கள் பார்த்தீர்களா?' என்று கேட்டால் அவர் பேச்சை நம்பவில்லை என்று நினைத்துக்கொள்வார். கேட்கும் விதத்தில் அவ்வளவு வித்தியாசம் இருக்கிறது. 'கே' என்று குறித்ததை ஆங்கிலத்தில் சொல்லும்போது 'ஷி வாஸ் டோல்ட் தட்' என்று தொடங்குவேன். வாக்கியம் நீளும், கேட்பவர் பொறுமை இழப்பார். இழக்கட்டும்.

சென்ற ஆண்டு ஒரு மாணவி உதவித்தொகைக்கான கட்டுரையோடு வந்தாள். ஒரத்துப்பாளையம் அணைப் பக்கத்துப் பெண். திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவு நொய்யலில் வந்து அந்த அணையில் தேங்கிய கதையை நன்றாக எழுதியிருந்தாள். முதல் வரி: 'ஐ ஹேவ் ஃபர்ஸ்ட் ஹேண்ட் எக்ஸ்பீரியன்ஸ் ஆஃப் த டெத் ஆஃப் எ ரிவர்', ஓர் ஆறு செத்ததை நான் நேரில் பட்டறிந்திருக்கிறேன். வயது பத்தொன்பது. கட்டுரையைத் தமிழில் சொல்லச் சொன்னேன். சொல்லத் தொடங்கினாள். "ஆற்றில் அயிரை மீன் துள்ளுமாம். பாட்டி அந்தத் தண்ணீரில்தான் சோறு ஆக்குவாராம். அப்புறம் தென்னை காயத் தொடங்கியதாம்." மூன்றாவது 'ஆம்' வந்ததும் அவளே நிறுத்திவிட்டாள்.

"அப்படியானால் எனக்கு எதுவுமே நேரில் தெரியாதா, டீச்சர்?" என்று கேட்டபோது அவள் முகம் வாடியிருந்தது. நீயே பார்த்ததைச் சொல் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் தலை குளித்தால் முடி கயிறாகத் திரிந்துபோகும் என்றாள். சோப்பு நுரைக்காது. குடிக்கும் தண்ணீருக்கு வேன் வரும்வரை குடத்தோடு நின்று முதல் பீரியடைத் தவறவிட்ட நாட்கள் உண்டு. அந்தக் கிணற்றை இன்னும் மூடாமல் வைத்திருக்கிறார்கள், தாத்தா தோண்டியது என்பதால். இவற்றில் ஒன்றுகூட முதல் வடிவத்தில் இல்லை.

மூன்று மணி நேரம் உட்கார்ந்து திருத்தினோம். ஆற்றின் மரணத்தை எடுத்துவிட்டாள். 'ஐ நோ ஃபர்ஸ்ட் ஹேண்ட் வாட் த வெல் வாட்டர் டஸ் டு ஹேர் அண்ட் சோப்' என்று தொடங்கினாள்: கிணற்றுத் தண்ணீர் முடியையும் சோப்பையும் என்ன செய்யும் என்று எனக்கு நேரில் தெரியும். கழிவின் அளவு பற்றிய எண்களை அரசு ஆவணத்திலிருந்து எடுத்ததாகக் குறிப்பிட்டு, 'ஃபர்ஸ்ட் ஹேண்ட்' என்ற தொடர் இல்லாமல் எழுதினாள். மீன் துள்ளிய வரியை வெட்டத்தான் அவளுக்கு மனம் வரவில்லை. எனக்கும் இல்லை. அதை வெட்ட வேண்டாம், உரியவரிடம் கொடு என்றேன். அந்த வார இறுதியில் ஊருக்குப் போய்ப் பாட்டியோடு உட்கார்ந்து, அவர் சொன்னதைத் தேதியோடு எழுதி வந்தாள். கட்டுரையின் இரண்டாம் பத்தி இப்போது 'மை கிராண்ட்மதர், ஹூ குக்ட் வித் ரிவர் வாட்டர், டோல்ட் மீ' என்று தொடங்குகிறது, அயிரை மீன் அங்கே துள்ளுகிறது.